மண்வெட்டி யார் கையில்?

திங்கட்கிழமை காலையில் சத்துவாச்சாரியில் பேருந்திலிருந்து இறங்குகிறவர்களில் பலர் கையில் ஒரு மனு இருக்கும். வேலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருப்பது இந்த ஊரில்தான். திங்கள் குறைதீர்வு நாள். பட்டா, முதியோர் உதவித்தொகை, குடிநீர் என்று வழக்கமான கோரிக்கைகளோடு இன்னொன்றும் ஆண்டு தவறாமல் வரும்: “எங்க ஊர்ல ஏரி வேலை கொடுங்க.” நூறு நாள் வேலைக்கு இந்தப் பக்கத்துப் பேச்சில் அதுதான் பெயர். செய்த வேலைக்குச் சம்பளம் வரவில்லை என்று வரும் மனுக்களும் உண்டு. சத்துவாச்சாரிக்காரர்கள் மட்டும் அந்த மனுவை எழுத முடியாது. அந்த வேலை கிராம ஊராட்சிகளுக்கு உரியது. அவர்கள் ஊரோ முதலில் நகராட்சி, 2011 முதல் வேலூர் மாநகராட்சியின் ஒரு பகுதி.

கடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ, ஒரு சனசமூக நிலையத்தின் அறிவிப்புப் பலகை வேறு மொழி பேசும். ஞாயிறு காலை சிரமதானம், மண்வெட்டியும் கத்தியும் கடகமும் கொண்டு வரவும். கூலிப் பேச்சே கிடையாது. நடுவில் தேநீரும் பணிசும் வரும்.

வேலை ஏறத்தாழ ஒன்றுதான். வாய்க்கால் தூர்வாருவது, புதர் வெட்டுவது, குழி தோண்டுவது, கன்று நடுவது. அங்கே அது தானம், இங்கே கூலி. அங்குள்ள சனங்களுக்குப் பொதுநலம் அதிகம், இங்குள்ள ஜனங்களுக்குக் காசுதான் குறி என்று முடித்துவிடுவது சுலபம். இரண்டு ஊர்களின் பழங்கதையையும் கொஞ்சம் கிளறினால் அந்த முடிவு நிற்காது.

சிரமதானம் இலங்கையில் பிறந்த சொல்லல்ல. வினோபா பாவே 1951இல் பூதானம் என்று நடக்கத் தொடங்கிய காலத்தில், நிலம் இல்லாதவன் எதைத் தானம் செய்வான் என்ற கேள்விக்கு விடையாக வட இந்தியாவில் புழங்கியது அது. 1952 அக்டோபர் 2 அன்று தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டமும் அதைப் பிடித்துக்கொண்டது. தமிழ்நாட்டில் இன்று அந்தச் சொல்லைச் சொன்னால் விளக்கம் கேட்பார்கள். இலங்கைத் தமிழில் அது பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும் வீட்டுச் சொல்.

அதற்குக் காரணம் ஒரு வாத்தியார். கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்த ஏ. டி. ஆரியரத்ன 1958இல் தம் மாணவர்களைக் குருநாகல் மாவட்டத்தின் கனத்தொளுவ என்ற ஊருக்கு அழைத்துப் போனார். அது ரொடி சாதியாரின் ஊர். ஒரு காலத்தில் மேலாடைகூட மறுக்கப்பட்டு, பிச்சையையே தொழிலாக விதிக்கப்பட்ட மக்கள் அவர்கள். கொழும்பின் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் அங்கே தங்கினார்கள், அவர்களோடு உண்டார்கள், மண் வெட்டினார்கள். சர்வோதய இயக்கம் அங்கிருந்து கிளைத்தது. ஆரியரத்ன பின்னர் இந்தியாவுக்கு வந்து வினோபாவோடும் நடந்தார். 1969இல் மகசேசே விருது பெற்றார். 2024 ஏப்ரலில் 92 வயதில் காலமானார்.

கனத்தொளுவவில் கவனிக்க வேண்டியது உழைப்பு ஓடிய திசை. அதுவரை கீழிருந்து மேலே மட்டும் ஓடிய இலவச உழைப்பு, முதல் தடவையாக மேலிருந்து கீழே இறங்கியது. தானம் என்ற சொல் அங்கே பொருந்தியது அதனால்தான்.

ஏனென்றால் இலவச உழைப்பு இரண்டு நாட்டிலும் புதிதல்ல. இலங்கையில் அதன் பெயர் இராசகாரியம். கோல்புரூக் குழுவின் பரிந்துரையில் 1830களின் தொடக்கத்தில்தான் ஒழிந்தது. தமிழகத்தில் அதன் பெயர் வெட்டி. சோழர் கல்வெட்டுகளில் வரிகளின் பட்டியலில் திரும்பத் திரும்ப வரும் சொல் அது: கூலியில்லாமல் ஊருக்கோ அரசுக்கோ செய்து தீர வேண்டிய உழைப்பு. ‘வெட்டி வேலை’ என்றால் இன்று வீண் வேலை என்று பொருள். சம்பளமில்லாத வேலையை வீண் என்று தமிழ் தன் அகராதியிலேயே தீர்ப்பெழுதிவிட்டது. ஊரார் கூடி ஏரியைப் பேணிய குடிமராமத்தும் முழுக்க இனிமையான நினைவல்ல. ஏரிக்கரை உடைந்தால் ஊரார் வந்து உழைத்தே ஆக வேண்டும் என்று 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டார்கள். கரையில் நின்று ஏவியவர் யார், சேற்றில் இறங்கியவர் யார் என்பதை எந்த ஊரிலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட மண்ணில் போய், ‘எல்லோரும் வாருங்கள், ஊருக்காக உழைப்போம்’ என்றால் சேரித் தெருவில் ஒரு சந்தேகப் பார்வை எழும். நியாயமான பார்வை. ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்ணுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆறு நாள் கம்பெனி வண்டி வரும் நேரத்துக்கு ஓடுகிறவளுக்கு ஞாயிறு என்பது துணி துவைக்கும் நாள். தன்னார்வம் என்பதற்கு முதலில் வேண்டியது ஆர்வமல்ல, ஓய்வு நேரம்.

வேலூரில் தோட்டம் போட நினைப்பவருக்கு மண்ணுக்கு அடியில் வேறொரு கசப்பும் காத்துக் கிடக்கிறது. பாலாற்றங்கரையில் தோல் பதனிட்ட கழிவு நிலத்தில் இறங்கியதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்ற ஆய்வு முடிவு அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று இந்தத் தீர்ப்பு அறிவித்தது. வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை: 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றைப் பற்றியும் இழப்பீட்டைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது. கிணற்று நீரே உப்பும் கசப்புமான ஊரில், ஆளுக்கு ஒரு கன்று என்று கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதோடு தோட்டம் தொடங்கிவிடாது. தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும்.

நாகநதியில் அப்படித்தான் தொடங்கினார்கள். சவ்வாது மலைப் பக்கமிருந்து இறங்கிப் பாலாற்றை நாடும் சிற்றாறு. வறண்டு பல ஆண்டுகள் ஆகியிருந்தன. 2014 வாக்கில் வாழும் கலை அமைப்பின் சந்திரசேகரன் குப்பன் கணியம்பாடி வட்டாரத்தில் இந்த வேலையை எடுத்தார். மழை நீர் வேகமாக ஓடிப்போகாமல் தடுக்கக் குறுக்கே சிறு தடுப்புகள், நீர் பூமிக்குள் இறங்கச் செறிவூட்டும் கிணறுகள். தோண்டியவர்கள் ஊர்ப் பெண்கள். சில ஆண்டுகளில் 20,000 பேர் வரை என்று கணக்கு. 2021 செப்டம்பர் 26 அன்று பிரதமரின் வானொலி உரையிலும் அவர்களைப் பற்றிய பேச்சு வந்தது. அந்த நவம்பரில் கொட்டிய மழையில் பாலாறே கரைபுரண்டு ஓடியது. நீர் ஏறியதில் கிணறுகளின் பங்கு எவ்வளவு, வானத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். பெண்களின் உழைப்பை அது குறைத்துவிடாது.

பாராட்டுகளில் அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. இந்த வேலை நூறு நாள் வேலைத் திட்டத்தின் கூலியில் நடந்தது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் தந்த வேலை அது. தமிழ்நாட்டில் அதைச் செய்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். கூலி அவரவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு வரும். வருகை குறித்து, அளவு பார்த்து, வேலை பிரித்துக் கொடுக்கும் பணித்தளப் பொறுப்பாளரும் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்தான். நேற்று வரை பண்ணையாரின் கணக்குப்பிள்ளை செய்த வேலையை இன்று அவள் செய்கிறாள். தலைமை என்று மேடையில் சொல்வதை ஏரிக்கரையில் ‘மேட்’ என்கிறார்கள்.

இந்த நாகநதி வேலையைச் சிரமதானமாகக் கேட்டிருந்தால் எத்தனை பேர் வந்திருப்பார்கள்? கூலி இருந்ததால் எல்லாத் தெருவிலிருந்தும் வந்தார்கள். ஒரே குழிக்குள் எல்லாத் தெருப் பெண்களும் நிற்பது தமிழக கிராமத்தில் சின்ன விஷயமல்ல. இலங்கையில் தானம் செய்ததை இங்கே சம்பளப் பட்டியல் செய்தது.

வேலூர் சீனிவாசன் என்று நாடு முழுக்க அறியப்பட்ட சி. சீனிவாசனின் வழியும் இதற்குப் பக்கத்து வழிதான். குப்பையைக் கழிவு என்று சொல்லாமல் வளம் என்று சொன்னவர். வீடு வீடாக வாங்கும் குப்பையில் தின்னத்தக்கது மாட்டுக்கு, பிறகு கோழிக்கும் வாத்துக்கும், மிச்சம் உரக்குழிக்கு. பிளாஸ்டிக்கும் அட்டையும் தரம் பிரித்து விற்பனைக்கு. சத்தீஸ்கரின் அம்பிகாபூர் நகரம் மகளிர் குழுக்களை வைத்து இம்முறையைப் பின்பற்றித் தூய்மைக்குப் பேர் வாங்கியது. உரம் மண்ணுக்குப் போகிறது என்பது பாதிக் கதைதான். காலம் காலமாகத் தள்ளிவைக்கப்பட்டவர்கள் செய்த வேலைக்குப் பயிற்சி, சீருடை, கையுறை, மாதச் சம்பளம் என்று வந்தது மீதிக் கதை.

இலங்கைப் பக்கத்தில் தோட்டத்தின் அலகு குழு அல்ல, வளவு. வீட்டைச் சுற்றி வேலி. வேலியில் பூவரசும் கிளுவையும் முருங்கையும். உள்ளே தென்னை, மா, வாழை, கிணற்றடியில் கறிவேப்பிலை. கண்டிப் பக்கத்துத் தோட்டங்களில் மிளகுக் கொடியும் பலாவும் சேர்ந்து வீடே தெரியாத காடாகிவிடும். ஊரில் விவசாய ஆலோசனை சொல்ல வரும் அரசு ஊழியருக்கு அங்கே விவசாயப் போதனாசிரியர் என்று பெயர். தமிழ்நாட்டில் அவர் அலுவலர், இலங்கையில் ஆசிரியர். அரசாங்கமும் வளவை விட்டதில்லை: 2011இல் ‘வாழ்வின் எழுச்சி’ என்ற திட்டம் வந்தது. 2021இல் இரசாயன உரத்தை ஒரே வீச்சில் நிறுத்தி, அதே ஆண்டு நவம்பரில் அந்தத் தடையை விலக்கி, 2022 ஜூனில் பஞ்சம் கண்ணில் தெரிந்ததும் அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை விட்டு வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்கள். வளவே இல்லாத கொழும்பு மாடி வீட்டுக்காரரும் லயத்து அறையில் இருக்கும் தோட்டத் தொழிலாளியும் அந்த வெள்ளியில் எங்கே நடுவது என்பதற்கு உத்தரவில் விடையில்லை.

சர்வோதயத்தின் முன்பள்ளிகளில் இதைவிட நுட்பமான ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தீப்பெட்டி நிறைய அரிசி கொண்டு வரும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிச் சமைப்பார்கள். தீப்பெட்டி அரிசி கொடுக்க முடியாத வீடு அபூர்வம். சேர்த்துக்கொள்வது என்றால் கொடுப்பதற்கும் இடம் தருவது என்று யாரோ நன்றாக யோசித்திருக்கிறார்கள்.

ஆனால் தானத்துக்கும் ஒரு வேலி உண்டு. இலங்கைத் தமிழர்கள் அதைக் ‘காந்தியம்’ என்ற அமைப்பின் கதையில் பார்த்தார்கள். கட்டடக் கலைஞர் சா. அ. டேவிட், மருத்துவர் சோ. இராஜசுந்தரம் இருவரும் 1970களின் பிற்பாதியில் வவுனியாவை மையமாக்கித் தொடங்கிய இயக்கம் அது. 1977 கலவரத்தில் அடிபட்டு வடக்கே ஓடிவந்த மலையகத் தமிழரை வன்னி நிலத்தில் குடியமர்த்தினார்கள். பண்ணைகள் வைத்தார்கள், இளம்பெண்களுக்கு முன்பள்ளி ஆசிரியைகளாகப் பயிற்சி கொடுத்தார்கள். 1948இல் குடியுரிமை இழந்து, யாழ்ப்பாணத்தாராலும் ஒரு படி கீழே பார்க்கப்பட்ட மக்களுக்குச் சொந்த வளவு என்ற எண்ணத்தைக் கொடுத்த முயற்சி. 1983 ஏப்ரலில் இருவரையும் கைது செய்தார்கள். ஜூலை 27 அன்று வெலிக்கடைச் சிறைக்குள் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் செப்டம்பரில் மட்டக்களப்புச் சிறையிலிருந்து தப்பினார்; பல ஆண்டுகள் சென்னையில் இருந்துவிட்டு 2015இல் கிளிநொச்சியில் இறந்தார். யார் எந்த மண்ணில் நடலாம் என்று அரசு முடிவு செய்துவிட்ட இடத்தில் மண்வெட்டியும் குற்றப்பொருள் ஆகிவிடுகிறது.

கலவரங்களுக்குத் தப்பிய அந்த ஓட்டத்தின் ஒரு கிளை கடல் தாண்டி வேலூரிலும் முடிகிறது. நகரின் மேற்கே, மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 2021 நவம்பர் 2 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் முகாம்களுக்குப் புதிய வீடு கட்டும் திட்டத்தை அங்கேதான் தொடங்கிவைத்தார். வீடு கிடைத்தது பெரிய காரியம். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு வளவு என்பது பெரியவர்கள் பேச்சில் வரும் சொல் மட்டும். சிரமதானம் என்றால் முகாமில் விளங்கும். பக்கத்து ஊரில் ஏரி வேலை என்று சொல்ல வேண்டும்.

தானம், கூலி இரண்டிலும் சேராத ஒரு தோட்டம் காட்பாடிக்கு அப்பால் கரிகிரியில் இருக்கிறது. 1955இல் அங்கே தொழுநோய் ஆய்வு மருத்துவமனை வந்தபோது அது கல்லும் முள்ளுமான பொட்டல். வேலூரில் பால் பிராண்ட் தொடங்கிய கை அறுவைச் சிகிச்சையின் வழியில் வந்த மருத்துவர் எர்னஸ்ட் ஃப்ரிட்ஷி, மழை நீரைத் தேக்கி, பறவைகள் தங்கும் சோலையாகும்வரை அந்த வளாகத்தில் மரம் வைத்தார். ஊர் விரட்டிய நோயாளிக்குத் திரும்பக் கிடைத்த விரல்களால் என்ன செய்வது என்பதுதான் பிராண்டின் கேள்வி. மடங்கிய விரலை நிமிர்த்தலாம். போன உணர்ச்சி வராது. கல் குத்தினாலும் கொப்புளம் வெடித்தாலும் தெரியாத கை அது. அதனால் கருவிகளின் பிடிகளைத் தடிமனாக்கினார்கள், துணி சுற்றினார்கள். வேலை முடிந்து மாலையில் அவர்கள் இரண்டு உள்ளங்கையையும் வெளிச்சத்தில் விரித்து, எங்கே சிவந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.