ரன்-ஃப்ளாட் டயரும் மினிவேன் மைலேஜும்: ஒரு திறனாய்வு

காற்று முழுக்க இறங்கிய பிறகும் குறிப்பிட்ட தூரம் ஓடக்கூடிய டயரே ரன்-ஃப்ளாட் டயர். மணிக்கு 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் 80 கி.மீ. தூரம் என்பது இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் அளவு. பஞ்சரானால் நெடுஞ்சாலை ஓரத்தில் ஜாக்கி போட்டு வீலைக் கழற்ற வேண்டாம். அடுத்த ஊரின் டயர் கடைவரை வண்டியை ஓட்டிக்கொண்டே போய்விடலாம். அமெரிக்காவில் குட்இயர் நிறுவனத்தின் இவ்வகை டயர் 1994இல் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காருக்கு விருப்பத் தேர்வாக வந்தது. 1997 மாடல் கார்வெட்டில் அதுவே நிலையான டயராகி, ஸ்டெப்னி நீக்கப்பட்டது. இருவர் மட்டும் உட்காரும் வேகக் காருக்குப் பொருந்திய இந்த ஏற்பாடு, சில ஆண்டுகளில் ஏழெட்டுப் பேர் ஏறும் குடும்ப வண்டியான மினிவேனுக்கும் வந்து சேர்ந்தது. அதன் பலமும் பலவீனமும் அங்கேதான் தெளிவாக வெளிப்பட்டன.

இடப் பற்றாக்குறை தந்த தீர்வு

மினிவேனில் இந்த டயர் வந்ததற்கு எரிபொருள் சிக்கனம் காரணமல்ல. தளத்துக்கு அடியில் இடம் போதாததே காரணம். 2004 மாடலாக வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா சியன்னாவில் முன்சக்கர இயக்கம், நான்கு சக்கர இயக்கம் என இரு வகைகள் இருந்தன. நான்கு சக்கர இயக்கத்துக்கு எஞ்சினிலிருந்து பின்பக்கம்வரை ஒரு நீண்ட ஷாஃப்ட் ஓட வேண்டும். பின் அச்சில் டிஃபரென்ஷியல் உட்கார வேண்டும். முன்சக்கர வகையில் ஸ்டெப்னி இருந்த இடத்தை இவை எடுத்துக்கொண்டன. ஆகவே நான்கு சக்கர வகை சியன்னா ரன்-ஃப்ளாட் டயர்களோடு விற்பனைக்கு வந்தது. 2020வரை நிலைமை இதுதான்.

இதே இடப்போட்டிக்கு க்ரைஸ்லர் நிறுவனம் வேறு விடை கண்டது. 2005 மாடலில் இருக்கைகளைத் தரைக்குள் மடக்கி வைக்கும் 'ஸ்டோ அண்ட் கோ' வசதியைக் கொண்டுவந்தபோது, அதற்கு இடம் விட நான்கு சக்கர இயக்கத்தையே கைவிட்டது. ஆக, மடங்கும் இருக்கை, நான்கு சக்கர இயக்கம், ஸ்டெப்னி ஆகிய மூன்றும் ஒரே தளத்தின் கீழ் அடங்கவில்லை. ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. ரன்-ஃப்ளாட் டயரை எடைபோடும்போது இந்தப் பின்னணியை மறக்கக் கூடாது. வாங்குபவர் கேட்டது பனிச்சாலையில் வழுக்காத வண்டி. டயர் அதோடு ஒட்டி வந்த நிபந்தனை.

உள்ளே நடப்பது

சாதாரண டயரில் வண்டியின் எடையைப் பெரும்பாலும் தாங்குவது உள்ளே இருக்கும் காற்று. காற்று போனதும் பக்கச்சுவர் மடிந்து, ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே நசுங்குகிறது. ரன்-ஃப்ளாட்டின் முதல் வகையில் பக்கச்சுவருக்குள் தடித்த, வெப்பம் தாங்கும் ரப்பர் அடுக்கு வைக்கப்பட்டிருக்கிறது. காற்றில்லாத நேரத்தில் எடையை அது சுமக்கிறது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சுவர் வளைந்து நிமிர்வதால் சூடு ஏறிக்கொண்டே போகிறது. வேக வரம்பும் தூர வரம்பும் இந்தச் சூட்டுக்காகவே விதிக்கப்பட்டவை. வண்டியில் ஆள்களும் மூட்டைமுடிச்சும் நிறைந்திருந்தால் சுவர் மேலும் வளையும். தாங்கும் தூரமும் குறையும். மினிவேன் நிறைந்து ஓடுவது பெரும்பாலும் நீண்ட விடுமுறைப் பயணத்தில்தான். டயரின் ஆற்றல் குறைகிற நேரமும் அதன் உதவி தேவைப்படுகிற நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன.

இரண்டாவது வகை, ரிம்மைச் சுற்றி உள்ளே ஒரு தாங்கு வளையத்தைப் பொருத்துவது. மிஷலின் நிறுவனத்தின் பாக்ஸ் முறை இவ்வகையைச் சேர்ந்தது. 2005 மாடல் ஹோண்டா ஒடிசியின் உயர்விலை 'டூரிங்' வகையில் அது வந்தது. காற்று போனால் டயர் இறங்கி அந்த வளையத்தின்மேல் உட்காரும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் சுமார் 200 கி.மீ. ஓடலாம் என்பது உறுதிமொழி. தூரக் கணக்கில் இது முதல் வகையைவிட இரண்டரை மடங்கு.

பலங்கள்

முதல் பலம் பாதுகாப்பு. வேகமாக ஓடும்போது டயர் திடீரென்று காற்றிழந்தாலும் அது ரிம்மிலிருந்து கழன்றுவிடாது. வண்டி ஓட்டுநரின் கட்டுப்பாட்டில் இருக்கும். உயரமும் எடையும் கொண்ட, பின் இருக்கைகளில் குழந்தைகள் உள்ள வண்டிக்கு இது சிறிய நன்மை அல்ல. இரவில், மழையில், லாரிகள் உரசிச் செல்லும் சாலை ஓரத்தில் ஸ்டெப்னி மாற்றும் ஆபத்தும் தவிர்க்கப்படுகிறது. உடல் வலுக் குறைந்தவர்கள் வீலைக் கழற்றித் தூக்க வேண்டியதும் இல்லை. நகரத்தையும் புறநகரையும் விட்டு வெளியே போகாத வண்டிக்கு 80 கி.மீ. தாராளம்.

இரண்டாவது, காற்றழுத்தக் கண்காணிப்பு. ரன்-ஃப்ளாட்டின் கெட்டியான சுவர், காற்று குறைந்தாலும் பிதுங்காது; கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் அழுத்தக் காட்டி இல்லாமல் இவ்வகை டயரைப் பொருத்துவதில்லை. அமெரிக்காவில் 2007 செப்டம்பர் முதல் எல்லா இலகு வாகனங்களுக்கும் கட்டாயமான இக்கருவி, ரன்-ஃப்ளாட் வண்டிகளில் அதற்கு முன்பே இடம்பெற்றது.

மைலேஜ் கணக்கு

ஸ்டெப்னியும் ஜாக்கியும் போவதால் எடை குறைந்து மைலேஜ் கூடும் என்பது இந்த டயருக்காக முன்வைக்கப்படும் வாதம். அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கன வழிகாட்டியின்படி, 45 கிலோ கூடுதல் சுமை மைலேஜை ஏறத்தாழ 1% குறைக்கும். சிறிய ஸ்டெப்னியும் கருவிகளும் சேர்ந்து 20 கிலோ எனக் கொண்டால் மிச்சம் அரை விழுக்காடுகூட இல்லை. நான்கு ரன்-ஃப்ளாட்டுகளும் சாதாரண டயர்களைவிடக் கனமானவை என்பதால் அதிலும் ஒரு பகுதி போய்விடுகிறது. அதோடு, ஸ்டெப்னி அசையாமல் கிடக்கும் எடை. டயரோ சுழலும் எடை. வேகம் கூட்டும்போதெல்லாம் அதைச் சுழற்றவும் எஞ்சின் தனியாகச் செலவழிக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் இருப்பது உருளல் தடை. டயர் உருளும்போது வளைந்து நிமிர்வதில் வீணாகும் ஆற்றல் அது. வளையும் ரப்பர் தடிமனாக இருந்தால் வீணாவதும் கூடும். உருளல் தடையில் 10% மாற்றம் வந்தால் எரிபொருள் செலவில் 1 முதல் 2% மாற்றம் வரும் என்று அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றத்தின் போக்குவரத்துப் பிரிவு 2006இல் கணித்தது. ஒரு ரன்-ஃப்ளாட்டின் தடை 10% அதிகம் என்று வைத்துக்கொண்டால், ஸ்டெப்னியை இறக்கியதில் கிடைத்த அரை விழுக்காடு கரைந்து, கணக்கு நட்டத்தில் முடிகிறது. புதிய ரப்பர்க் கலவைகள் இந்த வேறுபாட்டைக் குறைத்துள்ளன. ஆனால் அதே கலவைகள் சாதாரண டயருக்கும் கிடைக்கின்றன.

மினிவேனில் இந்தச் சிறு நட்டம் ஏன் பொருட்டாகிறது என்பதற்கு எண்களே விடை. 2020 சியன்னாவின் அதிகாரப்பூர்வச் சராசரி, முன்சக்கர வகையில் கேலனுக்கு 21 மைல், நான்கு சக்கர வகையில் 20 மைல். அதாவது லிட்டருக்கு 8.9, 8.5 கி.மீ. ஆண்டுக்கு 15,000 மைல் ஓட்டினால் இந்த ஒரு மைல் வேறுபாடு சுமார் 36 கேலன், அதாவது 135 லிட்டர் பெட்ரோல். அதே ஒரு மைல் 36இலிருந்து 35ஆகக் குறைந்தால் செலவு 45 லிட்டர்தான் கூடும். ஏற்கெனவே அதிகம் குடிக்கும் வண்டியில் மைலேஜ் சிறிது குறைந்தாலும் பெட்ரோல் பெரிதாகச் செலவாகிறது. ஆனால் அந்த 135 லிட்டரையும் டயரின் தலையில் கட்டுவது நியாயமாகாது. ஷாஃப்ட், டிஃபரென்ஷியல் ஆகியவற்றின் எடையும் உராய்வும் அதில் பெரும்பங்கு. அரசுச் சோதனை இவற்றையும் டயரையும் பிரித்துக் காட்டுவதில்லை.

ரன்-ஃப்ளாட்டைக் கழற்றிவிட்டுச் சாதாரண டயர் போட்டபின் கிடைக்கும் மைலேஜை வைத்து முடிவு கட்டுவதிலும் கண்ணி உண்டு. 235/55 ஆர்18 அளவு டயரின் விட்டம் சுமார் 716 மி.மீ. புதிதில் ஏறத்தாழ 8 மி.மீ. இருக்கும் பட்டன் ஆழம், தேய்ந்து 1.6 மி.மீ.க்கு வரும்போது விட்டம் 13 மி.மீ. அளவுக்குக் குறைகிறது. அதே தூரத்துக்கு டயர் அதிகச் சுற்றுகள் சுற்றுவதால், தேய்ந்த டயரில் ஓடோமீட்டர் கிட்டத்தட்ட 1.8% கூட்டிக் காட்டும். தேய்ந்த டயருக்கு உருளல் தடையும் குறைவு. ஆகவே எந்த வகைப் புது டயரைப் போட்டாலும் முதலில் மைலேஜ் குறைந்ததுபோலத் தெரியும். தேய்மானத்தைச் சமன்செய்யாத ஒப்பீட்டுக்கு மதிப்பில்லை.

ஸ்டெப்னியின் எடை, உருளல் தடை ஆகிய இரண்டைவிடப் பெரிதாகக்கூடியது காற்றுக் குறைவு. சராசரி அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் 0.2% குறைகிறது. எச்சரிக்கை விளக்கு எரிய அழுத்தம் 25% இறங்க வேண்டும். 36 பிஎஸ்ஐ நிரப்பவேண்டிய டயர்கள் எல்லாம் 27க்கு இறங்கும்வரை விளக்கு பேசாமல் இருக்கலாம், அதற்குள் 1.8% போய்விடும். பிதுங்கிக் காட்டிக்கொடுக்காத ரன்-ஃப்ளாட்டில், மாதம் ஒருமுறை கேஜ் வைத்துப் பார்க்காதவருக்கு இந்த இழப்பு தெரியவே தெரியாது.

குறைகள்

பெட்ரோலைவிடக் கனமாக விழுவது டயர்ச் செலவே. ரன்-ஃப்ளாட் விலை அதிகம். எல்லாக் கடைகளிலும் இருப்பு இருக்காது. காற்றில்லாமல் ஓடிய டயரின் சுவர் உள்ளே வெந்து சிதைந்திருக்கலாம். வெளியே ஒன்றும் தெரியாது. அதனால் பல கடைகள் பஞ்சர் ஒட்ட மறுத்து, புது டயரே போடச் சொல்கின்றன. ஓர் ஆணியால் ஒரு டயரே போய்விடுகிறது. நான்கு சக்கர இயக்கத்தில் டயர்களின் விட்டம் ஒத்திருக்க வேண்டும் என்பதால், மற்றவை பாதி தேய்ந்திருந்தால் கூடவே அவற்றையும் மாற்ற நேரலாம். சியன்னா உரிமையாளர்கள் தொடர்ந்து சொன்ன குறை, டயர் சீக்கிரம் தேய்ந்துபோகிறது என்பது. கெட்டியான சுவர் குழிகளின் அடியை அப்படியே உள்ளே கடத்துவதால் சவாரியும் கரடுமுரடாகிறது. சொகுசுக்காக வாங்கும் வண்டிக்கு இது முரண். பனிக்கால டயர்களில் ரன்-ஃப்ளாட் தேர்வுகள் மிகக் குறைவு. நான்கு சக்கர வகையை வாங்குவோரில் பெரும்பாலார் பனிப்பிரதேசத்தார்.

பாக்ஸ் முறையின் கதை இன்னும் கசப்பானது. அதன் அளவுக் குறியீடு 235-710ஆர்460ஏ. 460 என்பது மில்லிமீட்டரில் ரிம் அளவு. கடைசி எழுத்து, ரிம்மின் இரு விளிம்புகளும் சமச்சீரற்றவை என்பதைக் குறிக்கிறது. சாதாரண டயர் இந்த ரிம்மில் ஏறாது. டயரைக் கழற்றி, உள்வளையத்தை எடுத்து, மீண்டும் பூட்ட தனி எந்திரமும் பயிற்சியும் வேண்டும். அக்கம்பக்கத்து டயர் கடையில் அவை இல்லை. பாக்ஸை விட்டொழிக்க நினைத்தவர் நான்கு டயர்களோடு நான்கு ரிம்களும் வாங்க வேண்டியிருந்தது. ரோல்ஸ் ராய்ஸ் ஃபான்டம், புகாட்டி வேரான் போன்ற கார்களும் இதே முறையைப் பயன்படுத்தின. அவற்றின் உரிமையாளர்களுக்கு இந்தச் செலவு ஒரு பொருட்டல்ல. மாதத் தவணை கட்டும் குடும்பத்துக்கு அது தாங்காது. ஹோண்டா, மிஷலின் மீது கூட்டு வழக்குகள் வந்தன; மிஷலின் இம்முறையை மேலும் வளர்ப்பதை நிறுத்திக்கொண்டது. 200 கி.மீ. ஓடும் டயரால் பயனில்லை, அந்தத் தூரத்துக்குள் அதைச் சரிசெய்யும் கடை இல்லையென்றால்.

மாற்று வழிகளும் மதிப்பீடும்

ரன்-ஃப்ளாட்டை விட்டால் எஞ்சுவன இரண்டு. பசையும் காற்றடிக்கும் பம்பும் அடங்கிய பெட்டி மலிவு, எடையும் குறைவு. ஆனால் சாலையைத் தொடும் பகுதியில் விழுந்த சிறு துளையை மட்டுமே அடைக்கும், பக்கச்சுவர் கிழிந்தால் உதவாது. பசைக்குக் காலாவதி நாளும் உண்டு. இரண்டாவது பழைய ஸ்டெப்னி. எந்த வகைச் சேதத்துக்கும் இது ஈடுகொடுக்கும், ஆனால் இடம் கேட்கும்.

மைலேஜைப் பொறுத்தவரை டயர் விவாதத்தைப் பின்னுக்குத் தள்ளியது எஞ்சினில் வந்த மாற்றம். 2021 முதல் சியன்னா ஹைபிரிட்டாக மட்டுமே வருகிறது. முன்சக்கர வகைக்குக் கேலனுக்கு 36 மைல், நான்கு சக்கர வகைக்கு 35. பின்சக்கரங்களைத் தனி மின்மோட்டார் சுழற்றுவதால் நீண்ட ஷாஃப்ட் தேவையற்றுப் போனது. இருபதுக்கும் முப்பத்தைந்துக்கும் இடையிலான தூரத்தை எந்த டயராலும் கடக்க முடியாது.

பஞ்சர் எப்போதாவது வருவது. கடினமான சவாரி, சீக்கிரத் தேய்மானம், கூடுதல் விலை, எரிபொருளில் சிறு இழப்பு ஆகியவை தினமும் வருவன. ரன்-ஃப்ளாட் டயர் அரிதான ஒரு துன்பத்தை நீக்கி, அதற்கு ஈடாக ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் கட்டணம் வசூலிக்கிறது. நகர எல்லைக்குள் ஓடும், சாலையோரம் நிற்க அஞ்சும் ஓட்டுநருக்கு அந்தக் கட்டணம் நியாயமானதே. ஊர்களுக்கு இடையே நூற்றைம்பது கி.மீ. வெறும் சாலை கிடக்கும் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், சுமை நிறைத்து ஓடும் குடும்பத்துக்கு அது நட்டக் கணக்கு. மைலேஜைக் காரணம் காட்டி இந்த டயரைப் பரிந்துரைப்பதற்கு மட்டும் இரு சாராரிடமும் ஆதாரம் இல்லை.