பெயர்மாற்றமும் படத்தலைப்பும்: ஐதராபாத் குழந்தைகள் ஓவியம்

ஐதராபாத்தில் ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த ஜேம்ஸ் அக்கிலிஸ் கிர்க்பாட்ரிக், அந்நகரப் பிரபு குலத்தைச் சேர்ந்த கைர் உன்னிசா ஆகியோரின் இரு குழந்தைகளை 1805இல் சென்னையில் ஜார்ஜ் சின்னரி ஓவியமாகத் தீட்டினார். அவ்வாண்டே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட அவர்கள், 1806இல் இலண்டனில் திருமுழுக்குப் பெற்று வில்லியம் ஜார்ஜ், கேத்தரின் அரோரா ஆயினர். 'கிர்க்பாட்ரிக் குழந்தைகள்' என்பது இவ்வோவியத்திற்குப் பரவலாக வழங்கும் தலைப்பு.

தலைப்பு கூறுவதை ஓவியம் கூறவில்லை. சரிகையிட்ட செந்நிற ஜாமாவும் தொப்பியும் முத்துமாலையும் அணிந்த சிறுவன் நேரே நோக்குகிறான். தமையனை ஒட்டி நிற்கும் தங்கை பார்வையைத் தாழ்த்தியிருக்கிறாள். இவ்வுடைக்குப் பொருந்துவன சாஹிப் ஆலம், சாஹிப் பேகம் என்னும் ஐதராபாத் பெயர்களே. 'சாஹிப் ஆலம்' என்பது முகலாய இளவரசரை விளிக்கும் மரபுத்தொடருமாகும். அதனை 'உலகத் தலைவன்' எனப் பெயர்த்தால் சொற்பொருள் எஞ்சும். அரண்மனை விளி மறைந்துவிடும். ஆதலின் ஒலிபெயர்ப்பே தகும்.

படத்தலைப்பும் ஒருவகை மொழிபெயர்ப்பே. இத்தலைப்பு தந்தைவழிப் பெயரை மட்டும் ஏற்றுத் தாய்வழி உலகை விட்டுவிடுகிறது. வழக்கிலுள்ள தலைப்பை நீக்கினால் ஓவியத்தை அடையாளங்காணல் அரிதாகும் என்னும் தடை ஏற்கத்தக்கதே. எனினும், தமிழில் எழுதுவோர் இருவகைப் பெயர்களையும் ஆண்டுடன் தருதல் வேண்டும். திருமுழுக்குப் பெயர்கள் ஓவியத்திற்குப் பிற்பட்டவை. அவற்றை மட்டும் தருவது, தூரிகை தீட்டியதைத் திருத்தி எழுதுவதாகும்.