கடலில் ஒரு வானப்பிரஸ்தம்: இரட்டையுடல் பாய்க்கப்பலின் குணதோஷங்கள்

உத்தியோக காலம் முடிந்து, பிள்ளைகளும் தத்தம் குடும்பங்களோடு தூரதேசம் போய்விட்ட பிறகு, சென்னை ராஜா அண்ணாமலைபுரத்து அடுக்ககங்களில் கணவனும் மனைவியுமாய்த் தனித்திருப்பவர்களிலே சிலருக்கு, காசிக்கும் ராமேசுவரத்துக்கும் அப்பால் வேறொரு யாத்திரையின் மேல் ஆசை பிறந்திருப்பதை நான் அறிவேன். வீட்டை விற்றோ வாடகைக்கு விட்டோ பாய்க்கப்பல் ஒன்றை வாங்கி, அதிலேயே சமைத்து, அதிலேயே உறங்கி, காற்று போகும் பருவத்தில் காற்றோடு போய், அது திரும்பும் பருவத்தில் அதனோடு திரும்பி, மிச்சமுள்ள ஆரோக்கிய காலத்தைக் கடலிலே கழிப்பது என்பதே அந்த ஆசை. கிருகஸ்தனுடைய கடமைகளை முடித்தவன் பத்தினியோடு வனம் புகலாம் என்று நம் பெரியோர் வகுத்த மூன்றாவது ஆசிரமத்துக்கும் இதற்கும் அடிப்படையில் பேதமில்லை என்பது என் கருத்து. ஆகவே இந்த ஆசையைப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளாமல், இதற்கு உகந்த வாகனம் எது, அதன் யோக்கியதை என்ன என்று விசாரிப்பதே முறை.

இன்று உலகெங்கும் இந்த நோக்கத்தோடு கடலேறும் முதியோர் பலர் நாடுவது ஒற்றை உடல் கொண்ட பழைய மாதிரிப் பாய்க்கப்பலை அன்று. இரண்டு மெலிந்த உடல்களை அகன்ற தளம் ஒன்று இணைக்கும் இரட்டையுடல் கப்பலைத்தான். அவ்வகையில் மிகுதியாகக் காணப்படுவனவற்றுள் ஒன்று, பிரான்சு தேசத்து லகூன் நிறுவனத்தார் பல நூற்றுக்கணக்கில் கட்டி விற்ற ‘லகூன் 380’ என்ற மாதிரி. கெடா மாநிலத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற மலேசியத் தமிழர் ஒருவர், தம் துணைவியாரோடு லங்காவித் தீவை ஒட்டி அத்தகைய கப்பலில் குடியிருக்கிறார். தென்மேற்குப் பருவம் ஓயும் தறுவாயில் சில வாரங்கள் அவர்களுடைய விருந்தினனாகவும், கயிறு இழுக்கும் கையாளாகவும் இருந்து நான் கண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

பட்டினப்பாக்கத்துக் கரையில் ஒரு காலத்தில் வரிசையாய்க் கிடந்த நம் கட்டுமரத்தின் சந்ததி இது என்று எண்ணுவோர் உண்டு; அது சரியன்று. லேசான மரங்களை அடுக்கிக் கயிற்றால் பிணைத்து, அலை மேலே ஏறி வழிந்தோட விட்டு மிதக்கும் கட்டுமரம் ஒரு தெப்பத்தின் இனம். இதுவோ பசிபிக் சமுத்திரத்துப் பாலினீசியர்கள் தீவுக்குத் தீவு குடிபெயர்ந்த இரட்டை ஓடத்தின் இனம். ஜேம்ஸ் வாரம் என்ற ஆங்கிலேயர், 1955-ஆம் ஆண்டு, தம் கையாலேயே கட்டிய இருபத்து மூன்றரை அடி இரட்டை ஓடத்தில் இரண்டு பெண்மணிகளோடு இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து டிரினிடாட் சேர்ந்தார். அங்கே நாற்பது அடியில் இன்னொன்றைக் கட்டி, 1959-இல் வடஅட்லாண்டிக்கை மேற்கிலிருந்து கிழக்காகவும் கடந்து காட்டினார். அதுவரை இத்தகைய கலம் பெருங்கடலுக்கு ஆகாது என்று சொல்லிவந்த நிபுணர்கள் பலர் அதன் பிறகு தம் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

லகூன் 380 கப்பலின் நீளம் 11.55 மீட்டர், அகலம் 6.53 மீட்டர். நீள அகலத்தைப் பெருக்கினால் ஏறக்குறைய 810 சதுர அடி வருகிறது. ஆனால் முன்புறத்தில் இரு உடல்களுக்கும் இடையே தளமின்றி வலைதான் கட்டியிருக்கிறது. பின்புறத்தில் திறந்த திண்ணை போன்ற இடமும், நடுவில் நாற்புறமும் கண்ணாடி வைத்த கூடமும், அக்கூடத்தின் ஓரத்திலேயே சமையல் மேடையும் உண்டு. படிகளில் கீழிறங்கினால் இரு உடல்களிலும் படுக்கையறைகளும் குளியலறைகளும். சமையல் செய்பவர் கீழே ஓர் இடுக்கில் அடைபடாமல், கடலைப் பார்த்துக்கொண்டே, கூடத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே தாளிக்கலாம் என்பது அற்ப சௌகரியம் அன்று. மனைவியைச் சமையலறையில் தனித்து விட்டுவிட்டுத் தான் மட்டும் சுக்கானைப் பிடித்துக் களிக்கும் கணவனுடைய வானப்பிரஸ்தம் நெடுநாள் நடவாது.

இதன் பிரதான குணம் சாயாமை. ஒற்றை உடல் கப்பல், அடியில் தொங்கும் ஈயப் பாரத்தின் பலத்தால் கவிழாது நிற்கிறது; ஆயினும் காற்று வலுத்தால் ஒருக்களித்துச் சாய்ந்துதான் ஓடும். அதில் நடப்பவர் சுவரைப் பிடித்தே நடக்க வேண்டும். படுத்தவர் உருளாமலிருக்கப் பலகையில் அணைந்து கிடக்க வேண்டும். இரட்டையுடல் கப்பலோ தன் அகலத்தினாலேயே ஸ்திரம் பெறுகிறது. பதினைந்து நாட், அதாவது மணிக்குப் பதினைந்து கடல் மைல், வேகத்தில் காற்று பக்கவாட்டில் வீச, பாய்கள் முழுதும் விரிந்து, கப்பல் மணிக்கு ஏழு கடல் மைல் போய்க்கொண்டிருந்தபோது, கூடத்து மேஜையில் வைத்த காபித் தம்ளர் வைத்த இடத்திலேயே நின்றது. முழங்கால் தேய்ந்தவர்களும், இடுப்பு எலும்பு முறிந்தால் பின் எழுவோமா என்ற அச்சம் உள்ளவர்களும் இந்தக் குணத்துக்காகவே மற்ற தோஷங்களைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது.

ஆழம் குறைவாக இருப்பது இரண்டாவது குணம். நீருக்குக் கீழே இது 1.15 மீட்டரே இறங்குகிறது, நாலடிக்கும் குறைவு. ஆகவே மற்ற கப்பல்கள் தூரத்தில் நின்றுவிட, இது கரையோரத் தெளிநீர்வரை சென்று நங்கூரமிடும். இரு உடல்களிலும் ஒவ்வொன்றாக, ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில், டீசல் எஞ்சின்கள் இருப்பதால், ஒன்றை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் முடுக்கிவிட்டு, சுக்கானைத் தொடாமலே நின்ற இடத்தில் கப்பலைத் திருப்பிவிடலாம். நெருக்கமான துறைகளில் புதிதாகக் கற்பவனுக்கும் இது தைரியம் தருகிறது.

இனித் தோஷங்கள். இவை ஒரு நிறுவனத்தின் குறையல்ல. இந்த ஜாதிக் கப்பல்களுக்கே பொதுவானவை. எதிர்க்காற்றில் இவை சமர்த்தாக ஏறுவதில்லை. எதிர்த்து வரும் அலைகள் இரு உடல்களுக்கும் இடையே புகுந்து, கூடத்தின் அடித்தளத்தில் கீழிருந்து மோதும்போது எழும் ஓசை, யாரோ உலக்கையால் தரையைக் குத்துவது போல் இருக்கும். முதல் இரவில் எனக்கு உறக்கமே இல்லை. ஒற்றை உடல் கப்பல் காற்று மிஞ்சும்போது சாய்ந்துகொடுத்து, மாலுமிக்கு ஓர் எச்சரிக்கை செய்கிறது; இது அப்படிச் செய்வதில்லை. பாரத்தை மௌனமாய்த் தாங்கிக்கொண்டே போய், எல்லை கடந்தால் ஒரேயடியாகக் கவிழ்ந்துவிடும். கவிழ்ந்தபின் ஈயப்பாரம் இல்லாமையால் மூழ்காது மிதக்கும் என்பது ஆறுதல்; ஆனால் தானாக நிமிராது. எனவே காற்றின் வேகத்தைக் காட்டும் கருவியைப் பார்த்து, பதினெட்டு, இருபது நாட் ஆகும்போதே பாயின் முதற்பகுதியைச் சுருக்கிவிட வேண்டும் என்ற நியமத்தைச் சந்தியாவந்தனம் போல் தவறாது கடைப்பிடிக்க வேண்டும். மலாக்கா நீரிணையில் விடிவதற்கு முன் திடீரென்று எழும் ‘சுமத்திரா’ என்ற சூறை ஒன்றை நான் அக்கப்பலில் கண்டேன். ஆசிரியர், வானத்தில் ஒரு மேகமும் இல்லாத அந்திப்பொழுதிலேயே இரண்டு பகுதிகளைச் சுருக்கிவிட்டுத்தான் இரவுப் பயணத்தைத் தொடங்கியிருந்தார். ஆகவே மழையும் காற்றுமாய் அது வந்தபோது எங்களுக்கு நனைவதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை.

குடித்தனத்தின் விவரங்களுக்கு வருவோம். இல்லறத்தில் பழகியவர்களுக்கு இவையே முக்கியம். நீர்த்தொட்டிகளில் 300 லிட்டர் கொள்ளும். தலைக்குப் பதினைந்து லிட்டர் என்று சிக்கனம் பிடித்தால் இருவருக்குப் பத்து நாள். அரிசியையும் பாத்திரத்தையும் முதலில் கடல்நீரில் கழுவிவிட்டு, கடைசியில் மட்டும் நன்னீர் காட்டுவது அங்கே வழக்கம். 2019-ஆம் ஆண்டின் கோடையில் லாரிக்காகக் காத்திருந்து குடம் குடமாய் எண்ணிச் செலவழித்த சென்னை இல்லத்தரசிகளுக்கு இந்தக் கணக்கை ஒருவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கடல்நீரை மிகுந்த அழுத்தத்தில் நுண்சவ்வின் வழியே செலுத்தி உப்பைப் பிரிக்கும் சிறு இயந்திரமும் அக்கப்பலில் உண்டு. சென்னையை அடுத்த மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் பெரிய அளவில் நடைபெறுவதும் இதே காரியந்தான்.

மின்சாரம் கூரைமேல் பதித்த சூரியத் தகடுகளிலிருந்து வருகிறது. குளிர்பெட்டிதான் இரவும் பகலும் அதை உண்கிறது. இன்சுலின் முதலான மருந்துகளை வைத்திருப்போர் அதை நிறுத்தவும் முடியாது. அம்மையார் மேஜைமேல் வைக்கும் வெட் கிரைண்டர் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். கப்பலில் அதற்கு இடமளிப்பது பற்றித் தம்பதிகளுக்குள் ஒரு காலத்தில் வாதம் நடந்ததாம். நான் கணக்குப் பார்த்தேன்: 150 வாட் மோட்டார் அரைமணி நேரம் ஓடினால் 75 வாட்-மணி, நல்ல வெயிலில் தகடுகள் சில நிமிஷங்களில் ஈட்டித்தருவது அவ்வளவே. “வெயில் இருக்கும்போதே மாவை ஆட்டிடணும் ஐயா, அந்திக்கு மேல பேட்டரியைத் தொந்தரவு பண்ணக் கூடாது” என்றார் அம்மையார். கடற்காற்றின் ஈரப்பசையிலும் வெம்மையிலும் மாவு சீக்கிரமே பொங்கிவிடுகிறது. நங்கூரமிட்ட கப்பலில், மறுநாள் காலை, ஆவி பறக்கும் இட்லியை நான் குறையேதுமின்றி உண்டேன்.

வாதம் எழுந்ததற்குக் காரணம் மின்சாரம் அன்று, கனம். மெலிந்த உடல்களால் மிதக்கும் கப்பல், பாரம் ஏற ஏற ஆழ்ந்து, வேகம் குன்றி, அடித்தளத்தை அலைக்கு அருகில் கொண்டுபோகிறது, மோதலும் அதிகரிக்கிறது. ஆகவே கருங்கல் வைத்த கிரைண்டர் ஏறினால் அதே எடைக்கு வேறு சாமான் இறங்க வேண்டும். ஆசிரியர் தம் புத்தகங்களை இறக்கிவிட்டார். நாற்பது ஆண்டுகள் சேர்த்த பித்தளைப் பாத்திரங்களையும், நூல்களையும், பரிசுக் கேடயங்களையும் விட்டுப் பிரியும் பக்குவம் இல்லாதவர்கள் இந்த வாகனத்துக்கு உரியவர்கள் அல்லர். இதை நான் குற்றமாகக் கூறவில்லை. வனம் புகுந்தோருக்கு மரவுரி விதிக்கப்பட்டதன் நியாயம் இக்கப்பலில் பொறியியலாகவே நிற்கிறது.

செலவைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பழைய கப்பலாயினும், நம் பகுதியில் ஓர் அடுக்கக வீட்டை விற்கும் அளவுக்கு எண்ணத் தூண்டும் விலை இதற்கு. விலையில் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் பராமரிப்புக்குப் போகும் என்பது படகுக்காரர்களுடைய பொதுவான கணிப்பு. அகலம் மிகுந்திருப்பதால் துறைகளில் கட்டணமும் கூடுதல். எஞ்சின், சுக்கான், அடிப்பூச்சு எல்லாம் இரட்டிப்பு.

நம்மவர்க்கே உரிய தடைகளும் உண்டு. மெட்ராஸ் போட் கிளப் 1867 முதல் துடுப்புப் படகுகளைப் பேணிவருவதும், ராஜா அண்ணாமலைபுரத்தின் ஓரத்தில் அடையாறு கடலை நோக்கிச் செல்வதும் உண்மையே. ஆனால் மணல் அடைந்த அதன் முகத்துவாரத்தில் நாலடி ஆழம் போதுமான இக்கப்பலும் நுழைய இயலாது. சோழமண்டலக் கரை நெடுக இயற்கைத் துறைமுகம் அரிது. 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தது போன்ற ஒரு நாளில் கப்பலை ஒளித்துவைக்க இடமில்லை. பாய்க்கப்பல்களுக்கென்றே அமைந்த துறைக்கு நாம் கொச்சியில் போல்கட்டித் தீவுக்குத்தான் போக வேண்டும். இன்னொன்று, நம் கடவுச்சீட்டு. ஐரோப்பியர் தடையின்றி இறங்கும் பல துறைகளில் நாம் முன்கூட்டியே விசா பெற்றிருக்க வேண்டும். காற்றை நம்பிப் போகிறவன் இந்தத் தேதியில் வருவேன் என்று எழுதிக்கொடுப்பது எளிதன்று. மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு முப்பது நாள் விசா விலக்கு அளித்தது; லங்காவியை நான் சிபாரிசு செய்வதற்கு அதுவும் ஒரு காரணம். சென்னையிலிருந்து அத்தீவு ஏறத்தாழ 1200 கடல் மைல். நல்ல காற்றில் இக்கப்பலுக்கு எட்டொன்பது நாள் வழி. கடாரம் என்று நம் முன்னோர் அறிந்த கரை அது. அங்கிருந்து வடகிழக்குப் பருவத்தில் புறப்பட்டால் காற்று நாகப்பட்டினத்தை நோக்கி முதுகைத் தள்ளும்.

துணிவு நமக்குக் குறைவில்லை. புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா என்ற கடற்படை அதிகாரியும் அவருடைய தோழி தில்னாவும், கோவாவில் கட்டப்பட்ட ‘தாரிணி’ என்ற 56 அடிப் பாய்க்கப்பலில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். அது ஒற்றை உடல் கப்பல். தென்சமுத்திரத்தின் மலையலைகளுக்கு அதுவே தகும். இளமையும் பயிற்சியும் உள்ளவர்கள் அதைத் தேர்வது சரி. அறுபதைக் கடந்து, வெப்பக் கடல்களில் பருவம் பார்த்து மெல்லச் செல்ல எண்ணும் தம்பதிகளுக்கு, இரட்டையுடல் கப்பல் உத்தமமான வீடாகவும் மத்திமமான கப்பலாகவும் அமையும் என்பதே என் தீர்ப்பு.

ஆசை உள்ளவர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறேன். வீட்டை விற்றுவிட்டுத் தொடங்காதீர்கள்; வாடகைக்கு விடுங்கள். சென்னைத் துறைமுகத்துக்குள்ளே 1911 முதல் இயங்கிவரும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பில் இருவரும் சேர்ந்து பாய் கட்டப் பழகுங்கள். கணவர் மட்டும் கற்றால், அவருக்கு நெஞ்சுவலி வரும் இரவில் கப்பலைக் கரைசேர்க்க ஆளிராது. அதன் பிறகு லங்காவியிலோ பூகெட்டிலோ வாடகைக் கப்பல் ஒன்றில், ஒரு மழைக்காலத்தையும் சேர்த்து, ஒரு பருவம் குடியிருந்து பாருங்கள். விலை பேசுவது அதற்கு அப்புறம் இருக்கட்டும்.