ஒரு நாவலாசிரியையின் வீடு

புகழ்பெற்றவர்கள் வாழ்ந்த வீடுகளின் படங்களைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி நம் வீட்டையும் அமைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கு உண்டு. எனக்கும் உண்டு. சொல்ல வெட்கமாய்த்தான் இருக்கிறது, ஆனாலும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் அப்படி ஒரு படத்தைப் பார்த்துத்தான் நான் ஒரு பெரிய மேஜை வாங்கினேன்.

அமெரிக்க நாவலாசிரியை எடித் வார்ட்டன் எழுதும் மேஜை முன் அமர்ந்திருக்கும் படம் அது. நாவலுக்காகப் புலிட்சர் பரிசு பெற்ற முதல் பெண்மணி அவர், 1921-ல் பெற்றார். அவரைப்போல் மேஜை இருந்தால் அவரைப்போல் எழுத்தும் வரும் என்று நினைத்தேனோ என்னவோ, கூடத்து ஜன்னலோரம் மேஜையைப் போட்டு, பூஜாடி ஒன்றும் வைத்து, ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு அத்தியாயம்கூட நகரவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருப்பதால், வாசலில் யார் வந்தாலும் எழுந்துபோய்க் கதவைத் திறப்பது என் வேலையாயிற்று. அதுதான் கண்ட பலன்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்தப் படம் விளம்பரத்துக்காக உட்காரவைத்து எடுத்த படமாம்! வார்ட்டன் அம்மாள் காலை வேளைகளில் படுக்கையில் சாய்ந்தபடியே எழுதுவார். எழுதி முடித்த தாள்களைத் தரையில் நழுவ விட்டுவிடுவார். பின்னால் அவற்றை எடுத்துச் சேர்த்துத் தட்டச்சு செய்வதற்குக் காரியதரிசி இருந்தார். நான் பார்த்து மயங்கிய மேஜைக்கும் நாவலுக்கும் சம்பந்தமே இல்லை.

மாஸச்சூஸெட்ஸ் மாநிலத்தில் லெனாக்ஸ் என்ற ஊரில் 1902-ல் அவர் கட்டிக் குடியேறிய வீட்டுக்கு ‘தி மவுண்ட்’ என்று பெயர். வெள்ளைச் சுவர்களும் பச்சை ஜன்னல் கதவுகளும் கொண்ட மாளிகை. இன்று அது காட்சிசாலையாக இருக்கிறது. அவருடைய புஸ்தகங்களில் எஞ்சியிருந்தவை இங்கிலாந்து வரை போய், 2005-ல் விலைக்கு வாங்கப்பட்டு அதே நூலக அறைக்குத் திரும்பி வந்திருக்கின்றன. பார்க்க வருகிறவர்கள் ஓக் மர அலமாரிகளைக் கண்டு, நம் வீட்டிலும் இப்படி இருந்தால் என்று ஏங்குவது இயற்கைதான்.

ஆனால் எதைப் பின்பற்றுவது என்பதை அந்த அம்மாளே எழுதி வைத்திருக்கிறார். அவருடைய புகழ்பெற்ற நாவல்களுக்கெல்லாம் முன்பே, 1897-ல், ஆக்டன் காட்மன் என்ற கட்டடக் கலைஞருடன் சேர்ந்து ‘தி டெக்கரேஷன் ஆஃப் ஹவுஸஸ்’ என்ற புஸ்தகத்தை வெளியிட்டார். சுவர், கதவு, ஜன்னல், கணப்பு என்று அத்தியாயம் அத்தியாயமாக விஷயம் சொல்கிறது அது. அந்தக் காலத்துப் பணக்கார வீடுகளில் கண்ட இடமெல்லாம் திரைச்சீலையும் குஞ்சமும் பொம்மையும் அடைந்து கிடந்தன. அவற்றின்மேல் அவருக்கு ஒரே கோபம். அழகு என்பது பிறகு கொண்டுவந்து ஒட்டுகிற சரக்கு அல்ல, அறையின் அளவிலும் அமைப்பிலுமே இருக்க வேண்டியது என்பது அவர் கட்சி. கையில் பணம் குறைவா? கொம்பு முடைந்த நாற்காலியும் உறுதியான சாதாரண மேஜையும் போதும் என்கிறார். நம் பிரப்ப நாற்காலிக்கு இதைவிட நல்ல நற்சாட்சி வேறு வேண்டுமா?

எனக்கு மிகவும் பிடித்தது கதவைப் பற்றி அவர் சொல்வதுதான். கதவு இருக்கவேண்டிய இடத்தில் திரையைத் தொங்கவிடும் வழக்கத்தை அவர் ஒப்பவில்லை. தனிமை என்பது நாகரிக வாழ்க்கையின் முதல் தேவைகளில் ஒன்று என்கிறார். காலையில் படுக்கையில் எழுதியவர் அல்லவா? கதவின் அருமை அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்!

இவ்வளவு நல்ல புஸ்தகத்தில் குறை இல்லையா என்றால், உண்டு. அந்த அறைகளைத் துடைக்கிறவர்கள் யார், அவற்றுக்காக ஒருத்தி எதை விற்க வேண்டியிருக்கும் என்ற கேள்வி அதில் எழுவதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டது அவருடைய நாவல். தி மவுண்டில் இருந்த காலத்தில் எழுதி 1905-ல் வெளியிட்ட ‘தி ஹவுஸ் ஆஃப் மர்த்’தின் கதாநாயகி லில்லி பார்ட், அழகான அறைகள் இல்லாமல் வாழத் தெரியாதவள். அத்தையின் வரவேற்பறையைத் தன் இஷ்டப்படி மாற்றி அமைக்க முடிந்தால், தானே இன்னும் நல்ல பெண்ணாகிவிடலாம் என்று முதல் அத்தியாயத்திலேயே நினைக்கிறாள். கெர்ட்டி என்ற சிநேகிதியின் சின்னஞ்சிறு வீட்டைக் கண்டால் அவளுக்கு ஆகாது. ஆனால் அவமானப்பட்டு, போக இடமில்லாமல் தவிக்கும் ஓர் இரவில், அந்தச் சின்ன வீடுதான் அவளுக்கு அடைக்கலம் தருகிறது. கெர்ட்டி அவளை அணைத்தபடி இரவெல்லாம் விழித்திருக்கிறாள். கடைசியில் வாடகை விடுதியின் ஓர் அறையில் லில்லி இறந்துபோகிறாள்.

அளவும் அமைப்பும் தெரிந்த கைதான் இதையும் எழுதியது என்பதில் எனக்கு ஆச்சரியம் உண்டு. அலங்காரப் புஸ்தகம் எழுதியவருக்குத் தெரிந்ததைவிட நாவலாசிரியைக்கு அதிகம் தெரிந்திருக்கிறது. அவர் வாழ்க்கையும் அப்படித்தான் போயிற்று. இத்தனை கவனமாகக் கட்டிய வீட்டில் குடும்ப வாழ்க்கை நிலைக்கவில்லை. 1911-ல் வீட்டை விற்றார்கள், 1913-ல் விவாகரத்து. அதற்குப் பிறகும் பிரான்ஸில் இருந்துகொண்டு அவர் எழுதிக்கொண்டுதான் இருந்தார்.

ஆகவே பெரியவர்களின் வீட்டைப் பார்க்கப் போகும் வாசகர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மேஜை எப்படி இருக்கிறது என்று பார்க்காதீர்கள். அந்த மனிதர் உண்மையில் எங்கே உட்கார்ந்து வேலை செய்தார், அங்கே அவரை யார் தொந்தரவு செய்யாமல் விட்டார்கள் என்று விசாரியுங்கள்.

நான் இப்போது பின்கட்டில் அரிசி மூட்டைகள் வைக்கும் அறையில், பாய் விரித்து, மடியில் பலகை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அதற்கு நல்ல தாழ்ப்பாள் இருக்கிறது. கூடத்து மேஜையை விற்றுவிடலாமா என்று என் கணவர் கேட்கிறார். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். இஸ்திரி போட்ட துணிகளை அடுக்க அதைவிட வசதியான இடம் எங்கள் வீட்டில் வேறு இல்லை.