30 விநாடியில் காணாமல் போகிறவர்கள்

எந்த ஃபோட்டோ கண்காட்சிக்குப் போனாலும் ராத்திரி ரோட்டை லாங் எக்ஸ்போஷரில் எடுத்த படம் நாலாவது மாட்டியிருக்கும். கேமராவை முக்காலியில் நிறுத்தி ஷட்டரை 20, 30 விநாடி திறந்து வைத்தால், போகிற வண்டிகள் சிவப்புக் கோடாகவும் வருகிற வண்டிகள் வெள்ளைக் கோடாகவும் பதியும். ஜி.என்.டி. ரோட்டை விட்டு ஜனப்பன்சத்திரத்தில் பிரிந்து, பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழியாக ஆந்திராவுக்குப் போகிற எங்க ரோட்டையும் இப்படி எடுக்கிறாங்க. பார்க்க அழகுதான். ஆனால் அந்த அழகு எதை விலையாகக் கொடுத்து வாங்கியது என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

முதலில், இந்த வகையில் எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் லூகாஸ் சிம்மர்மான் என்பவர் வைமார் நகரத்துப் பக்கம் மூடுபனி இரவுகளில் எடுத்த ட்ராஃபிக் சிக்னல் படங்கள். இணையத்தில் ரொம்ப சுற்றியவை, பலரும் பார்த்திருப்பீர்கள். ரோட்டில் ஆள் இல்லை, வண்டி இல்லை. ஒரே ஒரு சிக்னல் கம்பம், அதிலிருந்து சிவப்பும் மஞ்சளும் பச்சையும் பனிக்குள் கூம்பு கூம்பாக இறங்குகின்றன. வெளிச்சம் சும்மா காற்றில் போகும்போது நம் கண்ணுக்குத் தெரியாது. வழியில் பட்டுச் சிதற ஏதாவது வேண்டும். அந்த வேலையைப் பனித்துளி செய்கிறது. நம்ம ஊரில் அதற்கு மார்கழிப் பனி இருக்கிறது, அதைவிட போகி விடியற்காலைப் புகை இருக்கிறது. மூச்சு விடமுடியாத அந்தப் புகையில் முக்காலி வைத்து நிற்கிற தைரியம் யாருக்கு வருமோ.

அந்தப் படங்களின் பலம் பனி மட்டும் இல்லை. சிக்னலுக்கு அர்த்தமே முறை வைத்து எரிவதில்தான் இருக்கிறது: இப்போ நீ நில்லு, அவன் போகட்டும். நம்ம சிக்னலில் மூணு நிறமும் ஒண்ணா எரிந்தால் ரிப்பேர் என்றுதான் நினைப்போம். நீண்ட எக்ஸ்போஷரில் அந்த முறை கலைந்து, நில், போ இரண்டும் ஒரே சமயத்தில் சொல்லப்படுகிறது. கீழ்ப்படிய ஒருவரும் இல்லாத ரோட்டில் அந்த விளக்கு விடாமல் கட்டளை போட்டுக்கொண்டே இருக்கிறது. அங்கே ரோடு காலியாக இருப்பது படத்தின் விஷயம். நீண்ட எக்ஸ்போஷர் யாரையும் அழிக்கவில்லை.

எங்க ரோட்டுப் படங்களில் நடப்பது வேறு. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. நடக்கிற ஆள் விநாடிக்கு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே நகர்கிறார். உடம்பின் அகலம் அரை மீட்டர் என்று வையுங்கள். கேமராவுக்குக் குறுக்கே அவர் கடந்து போனால், எந்த ஒரு புள்ளியையும் அரை விநாடிக்கும் குறைவாகத்தான் மறைக்கிறார். 30 விநாடி எக்ஸ்போஷரில் மீதி 29½ விநாடி அந்தப் புள்ளியில் பதிவது அவருக்குப் பின்னால் இருக்கிற சுவர், கடை ஷட்டர், தார். ஆள் சுத்தமாகக் காணாமல் போய்விடுவார். லாரியோ அவரைவிடப் பல மடங்கு வேகமாகப் போகிறது, ஆனாலும் பதிகிறது. காரணம் அது கையோடு விளக்கு கொண்டுபோகிறது. அதாவது இந்தப் படத்தில் இடம் பிடிக்க ஒரே தகுதி, உங்களிடம் விளக்கு இருக்கணும். பின்விளக்கு உடைந்த டிராக்டர், டைனமோ இல்லாத சைக்கிள், ஷிஃப்ட் முடிந்து ஓரமாக நடந்து போகிற கம்பெனி ஆட்கள், யாருமே அன்றைக்கு ரோட்டில் இல்லை என்று படம் சாட்சி சொல்லும். ராத்திரியில் லாரி ஓட்டுகிறவர் கண்ணுக்கும் அதே ஆட்கள்தான் தெரியமாட்டார்கள் என்பதை நினைத்தால், 'ஒளி நதி' என்கிற தலைப்பை ரசிக்க முடியவில்லை.

ஆடி மாசத்தில் இது இன்னும் உறைக்கும். பவானி அம்மன் கோயிலுக்குச் சனிக்கிழமை ராத்திரியே ஜனம் வந்து தங்க ஆரம்பித்துவிடும். வேன், டெம்போ, ஆட்டோ, நடை. மஞ்சள் புடவை, மஞ்சள் வேட்டி, கையில் வேப்பிலை. அந்த ரோட்டை எடுத்துவிட்டு மஞ்சளே இல்லாத படத்தைக் காட்டினால் எப்படி?

இது புதுப் பிரச்சினை இல்லை, புகைப்படம் பிறந்தபோதே பிறந்தது. 1838 வாக்கில் டாகேர் பாரிஸில் எடுத்த பூல்வார் து தாம்ப்ள் படத்தில், பகல் நேரத்து நெரிசல் தெரு காலியாகக் கிடக்கிறது. சில நிமிஷ எக்ஸ்போஷரில் வண்டிகளும் ஆட்களும் அழிந்து போனார்கள். மிஞ்சியது, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள நின்ற ஒருத்தரும், அரைகுறையாக அந்தப் பாலிஷ் போடுகிறவரும். நின்றவர் தெளிவு, வேலை செய்தவர் கலங்கல்.

இதே குறையை வைத்தே பெரிய வேலை செய்தவர் ரஷ்யாவின் அலெக்ஸி டிடரென்கோ. சோவியத் உடைந்த வருஷங்களில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் முண்டியடித்த கூட்டத்தை நீண்ட எக்ஸ்போஷரில் எடுத்தார். தனி ஆள் மறைந்துவிடுவார், ஆனால் நூறு பேர் ஒரே இடத்தைத் தொடர்ந்து கடந்தால் அவர்களுடைய அரை விநாடிகள் சேர்ந்து ஒரு புகையாகப் பதியும். அந்தப் புகைக்கு நடுவே, படிக்கட்டுக் கைப்பிடிக் கம்பியைப் பற்றியிருந்த கைகள் மட்டும் தெளிவாக நிற்கின்றன. நான் அதிக நேரம் பார்த்த புகைப்படங்களில் அது ஒன்று. டெக்னிக் என்னவோ இங்கே நம்ம ஆட்கள் செய்வதேதான். அவர் முக்காலியைக் கூட்டத்தைப் பார்த்து வைத்தார், இவர்கள் பாலத்து மேலே ஏறி வண்டியைப் பார்த்து வைக்கிறார்கள்.

கோட்டுப் படங்களிலும் படிக்க விஷயம் இல்லாமல் இல்லை, அதையும் சொல்லணும். பல புது கார்களின் எல்.இ.டி. பின்விளக்கு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிவதால் கோடு புள்ளி புள்ளியாக விழும். பழைய லாரியின் குண்டு பல்பு அறுபடாத கோடு போடும். உயரமாக ஓடுகிற கோடு கேபின் மேலே கட்டிய அலங்கார விளக்கு. ஆனால் எடுக்கிறவர்களே இதைக் கவனிப்பதில்லை. கம்ப்யூட்டரில் நிறத்தை ஏற்றி எல்லாவற்றையும் ஒரே சிவப்பாக வழித்துவிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால், ஆடி சனிக்கிழமை ராத்திரி முக்காலியை ரோட்டிலிருந்து திருப்பி ஆரணி ஆற்றங்கரைப் பக்கம் வைக்கலாம். எக்ஸ்போஷரை எட்டு, பத்து விநாடியாகக் குறைக்கலாம். செங்கல் அடுப்பில் பொங்கல் வைக்கிறவர்களுக்கு விளக்கு தேவையில்லை, அடுப்பே வெளிச்சம். குந்தி உட்கார்ந்து பானையைப் பார்க்கிற முகம் பத்து விநாடி அசையாது. கிண்டுகிற கை கலங்கும். பின்னால் நடக்கிறவர்கள் மஞ்சள் புகையாகப் போவார்கள். அப்படி ஒரு படம் யாராவது எடுத்திருந்தால் அனுப்புங்க, அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.