கருப்பும் சித்தரும்: இந்திரா சௌந்தர்ராஜனை எப்படி வாசித்தோம்

வ. புதுப்பட்டி, வத்திராயிருப்புப் பக்கம் சதுரகிரி மலையைப் பற்றி விசாரித்தால் இரண்டு விதமான தகவல்கள் கிடைக்கும். தாணிப்பாறையில் எத்தனை மணிக்கு ஏறத் தொடங்க வேண்டும், எந்த ஓடையில் மழைக்குத் தண்ணீர் பாயும் என்பது ஒன்று. இருட்டில் ஒளிவிடும் ஜோதிப்புல், நரை திரை நீக்கும் கருநெல்லி, நாய் உருவில் கூடவே நடந்து வரும் சித்தர் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே ஆள், ஒரே மூச்சில், ஒரே குரலில் சொல்வார். இப்படிப்பட்ட இரண்டாவது வகைப் பேச்சை வெகுஜனக் கதையாக்கி, வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் முதலிடம் இந்திரா சௌந்தர்ராஜனுக்குத்தான்.

1958இல் சேலத்தில் பிறந்து, மதுரையில் வாழ்ந்து, 2024 நவம்பர் 10 அன்று அங்கேயே மறைந்தவர். பத்திரிகைத் தொடர்கள், மாத நாவல்கள், தொலைக்காட்சித் தொடர்கள், ஆன்மிகச் சொற்பொழிவுகள் என்று ஓயாமல் இயங்கியவர். பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய மாத நாவல்களில் அவர் பெயரைப் பார்த்து வாங்கியவர்கள் எங்கள் வட்டாரத்தில் ஏராளம். ஆனால் இலக்கிய விமர்சகர்கள் அவரைப் பெரும்பாலும் தொடவே இல்லை. வணிக எழுத்து என்ற ஒரு சொல்லோடு கணக்கு முடிந்துவிட்டது. அது அவருக்கும் அவருடைய வாசகர்களுக்கும் செய்யப்பட்ட அநீதி என்றே நினைக்கிறேன். கவனமாகப் படித்திருந்தால் பாராட்ட வேண்டியதைப் பாராட்டியிருக்கலாம். கண்டிக்க வேண்டியதையும் உரிய நேரத்தில் கண்டித்திருக்கலாம்.

அவருடைய பலத்தை அறிய 'விட்டு விடு கருப்பா' போதும். 1990களின் பிற்பகுதியில் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில், நாகாவின் இயக்கத்தில், 'மர்மதேசம்' வரிசையில் 'விடாது கருப்பு' என்ற பெயரில் சன் தொலைக்காட்சியில் வந்தது இந்தக் கதைதான். தோட்டக்காரமங்கலம் என்ற கிராமம். தப்புச் செய்தவனைக் காவல் தெய்வமான கருப்பு குதிரையேறி வந்து தண்டிக்கும் என்பது ஊரின் நம்பிக்கை. தண்டனைகளும் நடக்கின்றன. நடத்துவது சாமியா, ஆசாமியா? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் நம்மைக் கட்டிப்போட்டார்.

இதே கேள்வியைச் சுஜாதாவும் 'கொலையுதிர் காலம்' நாவலில் கேட்டிருக்கிறார். அங்கே கேட்பவர்கள் நகரத்திலிருந்து வந்த வழக்கறிஞர்கள் கணேஷும் வசந்தும்; பேய் அவர்கள் முன் வைக்கப்பட்ட ஒரு வழக்கு. இந்திரா சௌந்தர்ராஜனின் ஊரில் கருப்பு வழக்கு அல்ல, ஊரின் சட்டமே அதுதான். கடன் வாங்கியவனும் வயல் வரப்பை நகர்த்தியவனும் அதற்கு அஞ்சுகிறார்கள். பயத்தை இப்படி நிலத்தோடும் நியாயத்தோடும் சேர்த்துக் கட்டியது அவருடைய உண்மையான சாதனை. பாழடைந்த பங்களாவும் வெள்ளைச் சேலையும் இல்லாமலேயே பயமுறுத்த முடிந்தது. கோயிலும் குதிரையும் ஊர்க்கட்டுப்பாடும் போதுமாக இருந்தன.

கதை கடைசியில் பிளவுபட்ட ஒரு மனத்தை நோக்கித் திரும்புகிறது. சிறுவயதில் பட்ட காயம், அது வளர்ந்து எடுக்கும் வேறு உரு என்று உளவியல் விளக்கம் வருகிறது. ஆனாலும் பார்த்தவர்களுக்குக் கருப்பு மீதிருந்த பயம் தெளியவில்லை. அன்றைய குழந்தைகள் இன்று நாற்பதை நெருங்கும்போதும் அந்தக் குளம்பொலியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பிரெஞ்சு மொழியில் எழுதிய விமர்சகர் த்ஸ்வெதான் தொதொரோவ், 1970இல் வெளியான தம் நூலில், நடந்தது இயற்கையா அதற்கு அப்பாற்பட்டதா என்று வாசகர் தயங்கி நிற்கும் நேரம்வரைதான் இவ்வகைப் புனைவுக்கு உயிர் என்றார். தமிழில் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' அந்தத் தயக்கத்தைக் கடைசிவரை கலைக்கவில்லை. 'விட்டு விடு கருப்பா' விடையைச் சொல்லியும் தயக்கத்தைத் தக்கவைத்தது. அதில் நாகாவின் காட்சியமைப்புக்கும் பெரும் பங்கு உண்டு. நம்மில் பலர் நாவலை நினைவுகூர்வதாக எண்ணிக்கொண்டு தொடரைத்தான் நினைவுகூர்கிறோம்.

குறை எங்கே தொடங்குகிறது? அந்தத் தயக்கத்தை அவரே கைவிட்ட இடத்தில். சித்தர்பட்டிக் கோயிலையும் நவபாஷாண லிங்கத்தையும் வைத்து எழுதிய 'ரகசியமாக ஒரு ரகசியம்' கதையில் மருத்துவமும் மர்மமும் ஒன்றோடொன்று மோதின. பிற்காலக் கதைகள் பலவற்றில் அந்த மோதல் இல்லை. நாத்திகம் பேசும் பாத்திரம் ஒன்று வரும். அது தோற்பதற்காகவே வருகிறது என்பது மூன்றாவது பக்கத்திலேயே தெரிந்துவிடும். பெரியவர் ஒருவர் சித்தர் மகிமையைப் பக்கம் பக்கமாக விளக்குவார். மாதா மாதம் நாவல் தந்தாக வேண்டிய அவசரமும் சேர்ந்துகொள்ள, ஓலைச்சுவடி, புதையல், பாம்பு என்று அதே பொருட்கள் இடம் மாறி மாறி வந்தன. எதிர்க்கட்சி வலுவாக இருந்தால்தான் நம்பிக்கைக்கும் வலு வரும். இதை அவர் அறியாதவர் அல்லர். கருப்புக் கதையே சாட்சி.

இன்னொரு சிக்கல் வாசகர் தரப்பில். கதை எழுதிய அதே கை ஆன்மிகக் கட்டுரையும் எழுதியது. மேடையில் அதே குரல் அருளாளர்களின் அற்புதங்களைச் சொன்னது. எது கற்பனை, எது கேள்விப்பட்டது, எது அவர் நம்பியது என்ற கோடு வாசகருக்குத் தெரியாமல் போயிற்று. நாவலில் வந்த மூலிகையை மலையில் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த நம்பிக்கைகளை அவர் உண்டாக்கவில்லை, அவருக்கு முன்பே அவை இருந்தன. ஆனால் அச்சில் வந்ததற்குத் தனி மரியாதை உண்டு, பெயர் பெற்ற எழுத்தாளர் சொன்னதற்கு அதைவிட அதிகம்.

சதுரகிரி கதைக்கான மேடை மட்டும் அல்ல. சாம்பல் நிற அணில்கள் வாழும் காடு அது. 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தில் அடங்கியது. 2015 மே மாதம் ஓடையில் திடீரென வந்த வெள்ளம் பக்தர்களை அடித்துச் சென்று உயிர் குடித்தது. அங்கே போகிறவருக்குச் சித்தர் வழிகாட்டுவார் என்ற உறுதியைவிட வானத்தைப் பார்க்கும் எச்சரிக்கை அவசியம்.

'விட்டு விடு கருப்பா' தமிழ் அமானுஷ்யப் புனைவில் நிற்கும் என்பது என் தீர்ப்பு. அவருடைய பிற்கால நூல்களில் பல நிற்காது. பதிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மறுபதிப்புகளில் எந்தக் கதை எந்த ஆண்டு, எந்த இதழில் வந்தது என்று அச்சிடுங்கள். நாவலுக்கு நாவல் என்றும், செவிவழிச் செய்திக்குச் செவிவழிச் செய்தி என்றும் அட்டையிலேயே குறிப்பிடுங்கள்.