கோலும் தடியும்

இருபத்து மூன்றாம் சங்கீதம் ஆயனின் கோலும் தடியும் ஆறுதலளிப்பதாகப் பாடுகின்றது. கோலைக் கண்டிப்பாகவும் தடியைக் காப்பாகவும் கொள்வர் உரைகாரர் பலர். கங்காணியின் பிரம்பை அறிந்திருந்த பேராக் இரப்பர்த் தோட்டத் தமிழர்க்கு, கோல் எங்ஙனம் ஆறுதலாகும்?

தமிழ் மரபு இவ்வினாவுக்குப் புதிதன்று. வள்ளுவர் செங்கோன்மைக்கும் கொடுங்கோன்மைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். ஏந்தும் கையே கோலின் தன்மையை முடிவு செய்கின்றது. அறுத்துச் சுடும் மருத்துவனிடத்தும் நோயாளி கொள்ளும் அன்பைத் தம் பக்திக்கு உவமையாக்கினார் குலசேகராழ்வார். வைணவக் குடியிற் பிறந்து, 1858-இல் கிறித்தவராகி, 1894-இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ வெளியிட்ட எச். ஏ. கிருஷ்ணபிள்ளைக்கு இவ்வுணர்வு இருவழியாலும் உரியதே.

எனினும், சங்கீதத்தின் வைப்புமுறையை நோக்குதல் வேண்டும். புல்வெளியும் அமர்ந்த நீரும் முதலில் வருகின்றன. கோல், சாவின் நிழற்பள்ளத்தாக்கில்தான் வருகின்றது. ஊட்டிய கைக்கே கண்டிக்கும் உரிமையுண்டு. அன்றைய தோட்டத் தொழிலாளியின் அரைவயிற்றுக் கூலியை ‘ஆண்டவரின் சிட்சை’ என விளக்கமுற்படுவோர் (இத்தகையோர் எச்சமயத்திலும் உளர்) பாடலின் முற்பகுதியை விட்டுவிட்டுப் படிப்பவராவர். கங்காணியின் பிரம்புக்கு முன்னே பசும்புல் இருந்ததில்லை. பின்னே பந்தியும் இல்லை. சங்கீதத்திலோ, கோலை அடுத்துப் பகைவர் காணவே விருந்து விரிக்கப்படுகின்றது.